மூணும் ஒண்ணும் நாலு: சேலம், ஏற்காடு நான்கு நாள்

நான்கு நாளும் ராத்திரி படுக்கும் முன் போனில் தட்டி வைத்தவை. ஊர் திரும்பியதும் தம்பியிடம் படித்துக் காட்டினேன். "என் வெயிட்டை மட்டும் போடாதேக்கா" என்றான். அதைத் தவிர எல்லாம் இருக்கிறது.

ஆகஸ்ட் 3, ஞாயிறு: திருச்சியிலிருந்து சேலம்

ஆடிப் பதினெட்டன்று காவிரிக் கரையோரமாகக் காரில் போகலாம் என்று முடிவெடுத்தது நான்தான். அம்மா அதை முசிறி வருவதற்குள் ஏழு தடவை சொல்லிக்காட்டிவிட்டாள். ஆறரை மணிக்குக் கிளம்பினோம், முசிறி தாண்டும்போது பத்தேகால். ஒரு பக்கம் ஆறு, மறுபக்கம் டிராக்டரும் மினி வேனும். நடுரோட்டில் புதுச் சேலையில் பெண்கள் முளைப்பாரியோடும், காதோலை கருகமணி வைத்த தட்டோடும் நிதானமாகப் போகிறார்கள். யாருக்கும் அவசரமில்லை. டிரைவர் அண்ணன் ஹாரனே அடிக்கவில்லை. "இன்னிக்கு அடிச்சா பாவம்மா" என்றார்.

தொட்டியத்துக்குக் கொஞ்சம் முன்னால் கார் அரைமணி நேரம் அசையாமல் நின்றபோது ஒரு பாட்டி கண்ணாடியைத் தட்டினார். கையில் வாழையிலைத் துண்டு. எலுமிச்சை சாதம், தேங்காய் சாதம், சர்க்கரைப் பொங்கல். "உள்ள குந்திக்கிட்டு இருந்தா காவேரியம்மா எப்படித் தெரிவா? இந்தா, சாப்பிடுங்க." வாங்கிக்கொள்வதற்குள் அடுத்த காருக்குப் போய்விட்டார். தம்பி பொங்கலில் ஒரு வாய் மட்டும் எடுத்துக்கொண்டான். தேங்காய் ஆகாது, உப்பு ஆகாது, வெல்லம்கூடக் கணக்குப் பார்த்துத்தான்.

காரணத்தைச் சொல்லிவிடுகிறேன். தம்பிக்கு முப்பத்தாறு வயது. பிபி இருப்பதைப் பல வருஷம் கண்டுகொள்ளாமல் விட்டான், இரண்டு சிறுநீரகமும் போய்விட்டன. இரண்டு வருஷமாக செவ்வாய், வியாழன், சனி டயாலிசிஸ், ஒவ்வொரு தடவையும் நான்கு மணி நேரம். ஒரு நாளைக்கு 800 மில்லி தண்ணீர், அதிலேயே காபி, ரசம், மாத்திரை விழுங்குவது எல்லாம் அடக்கம். அம்மாவுக்குச் சர்க்கரை இருப்பதால் அவள் சிறுநீரகம் கொடுக்க முடியாது. தம்பி மனைவிக்கு ரத்த வகை சேரவில்லை. எனக்குச் சேர்ந்தது. இந்த மாதம் 25ஆம் தேதி ஆபரேஷன்.

என்னிடமிருந்து எடுக்கப்போவது இடது பக்கத்தது. அதில் ரத்தக்குழாய் நீளமாக இருக்குமாம், தைக்க வசதி. அவனுடைய பழைய இரண்டையும் எடுக்கமாட்டார்கள். அவை அங்கேயே சும்மா கிடக்க, புதியதை அடிவயிற்றில் வைப்பார்கள். டாக்டர் படம் போட்டு இதை விளக்கியபோது அம்மா விரல் விட்டு எண்ணினாள். "அவனுக்கு மூணு, உனக்கு ஒண்ணு. மூணும் ஒண்ணும் நாலு. மொத்தக் கணக்கு குறையலைல்ல?" நான் ஒரு ஆடிட்டர் ஆபீசில் பதினேழு வருஷமாகக் கணக்கு எழுதுகிறவள். இப்படி ஒரு பேலன்ஸ் ஷீட்டை நான் பார்த்ததில்லை.

சேலத்து கோட்டை மாரியம்மன் அம்மாவுக்குப் பிறந்த வீட்டுச் சாமி. தாத்தா வீடு சேலத்தில் குகை என்ற பகுதியில் இருந்தது. ஆடிப் புதன்கிழமை அம்மாவுக்கு அங்கே வேண்டுதல். அதோடு ஏற்காடு போகவேண்டும் என்பது தம்பியின் ஆசை. இடையில் செவ்வாய்க்கிழமைக்குச் சேலத்திலேயே ஒரு தனியார் மையத்தில் டயாலிசிஸுக்கு இடம் சொல்லிவைத்திருந்தேன். சனிக்கும் செவ்வாய்க்கும் நடுவில் இருப்பதுதான் வாரத்தின் நீளமான இடைவெளி. நாங்கள் ஊர் சுற்றுவது அதற்குள்.

சேலம் வந்து சேரும்போது மணி ஒன்றே முக்கால். வெயில் இல்லை, ஆனால் புழுக்கம், சட்டை முதுகில் ஒட்டுகிறது. பண்டிகை என்பதால் லாட்ஜில் வாடகையை ஏற்றிவிட்டார்கள், 1,200 ரூபாய் ரூம் 2,000. ராத்திரி நானும் தம்பி மனைவியும் மட்டும் கீழே இறங்கித் தட்டுவடை செட் சாப்பிட்டோம். சின்னத் தட்டுவடை இரண்டு, நடுவில் துருவிய பீட்ரூட், கேரட், வெங்காயம், சிவப்புச் சட்னி, பச்சைச் சட்னி. முப்பது ரூபாய்க்கு வாய் முழுக்கச் சத்தம். அவனை மேலே விட்டுவிட்டு வந்து தின்கிறோமே என்று ஒரு குற்ற உணர்ச்சி இருந்தது. இரண்டாவது செட்டும் சொன்னோம்.

ஆகஸ்ட் 4, திங்கள்: ஏற்காடு

அடிவாரத்திலிருந்து இருபது கொண்டை ஊசி வளைவு. ஒவ்வொன்றிலும் நம்பர் பலகை. சின்ன வயதில் அப்பா எங்களை எண்ணச் சொல்லுவார், வாந்தி வராமல் இருக்க அவர் கண்டுபிடித்த வைத்தியம் அது. எனக்கு முப்பத்தொன்பது வயது, இன்றைக்கும் எண்ணினேன். வாந்தி வரவில்லை. அம்மாவுக்குப் பதினாலில் வந்தது.

ஏற்காட்டில் தூறல். ஏரிக்கரையில் மிளகாய் பஜ்ஜி 40 ரூபாய்க்கு நாலு. மிளகு கால் கிலோ 230, பேரம் பேசி 220. "காப்பிக் கொட்டை வாங்கிக்கங்கக்கா" என்று ஒருவர் விடாமல் பின்னால் வந்தார். இந்த மலைக்குக் காபியைக் கொண்டுவந்தவர் சேலத்தில் கலெக்டராக இருந்த காக்பர்ன் என்று தம்பி ஆரம்பித்தான். 1820களில் போட்டதாம். படிக்கிற காலத்திலிருந்தே அவனுக்கு இந்த வியாதி, எந்த ஊருக்குப் போனாலும் அந்த ஊர்க்காரருக்கே அந்த ஊரைச் சொல்லுவான். காபிக்காரர் மரியாதையாகக் கேட்டுவிட்டு, "சரிங்க சார், அரைக் கிலோ போடட்டுமா?" என்றார். அவனால் ஒரு டம்ளர் காபிகூட முழுசாகக் குடிக்க முடியாது என்பது அவருக்கு எப்படித் தெரியும். போட்டுக்கொண்டோம்.

சேர்வராயன் கோயிலுக்குப் போனது பதினொன்றரைக்கு. மலையின் உச்சி, 5,326 அடி. உச்சி என்றால் கூராக இருக்கும் என்று நினைத்திருந்தேன், மேலே மைதானம் மாதிரி தட்டை. காற்று ஆளைத் தள்ளுகிறது. கோயில் என்பது ஒரு குகைதான், குனிந்துதான் போகமுடியும். உள்ளே சேர்வராயனும் பக்கத்தில் காவேரியம்மனும். குகை காவிரி வரைக்கும் போகிறது என்று பூசாரி சொல்ல, அம்மா அப்படியே கரைந்துபோனாள். நேற்று ஆற்றங்கரையில் இறங்கிக் கும்பிட முடியாமல் போனதற்கு இன்றைக்குக் காவேரியே மலைமேல் ஏறிவந்து உட்கார்ந்திருக்கிறாள் என்பது அம்மாவின் கட்சி. தம்பிக்குத் தீர்த்தம் கொடுத்தார்கள். "இதுவும் கணக்குல வரும்மா" என்று சொல்லிவிட்டுக் குடித்தான்.

நான் ஒரு கும்பிடு போட்டுவிட்டு முதல் ஆளாக வெளியே வந்துவிட்டேன். குகைக்குள் நிற்க முடியவில்லை. ஸ்கேன் எடுக்கும்போது உள்ளே தள்ளுவார்களே, அந்த நினைப்பு.

வெளியே தம்பி மனைவி செருப்புகளுக்குக் காவல். அவள் சி.எஸ்.ஐ. சபை. கல்யாணமான நாளிலிருந்து இப்படித்தான், கோயில் வாசல்வரை வருவாள், உள்ளே வரமாட்டாள். அம்மா அவளை வற்புறுத்தியதில்லை. ஆனால் தினமும் காலையில் அம்மா தம்பிக்குத் திருநீறு பூசுவாள், ராத்திரி அவள் அவன் தலையில் கை வைத்து ஜெபம் பண்ணுவாள். "என் தலைக்கு ரெண்டு ஷிஃப்ட்" என்பான் அவன்.

யாரிடம் சொல்லக் கூடாது என்று வைத்திருந்தேனோ அவளிடமே போய்ச் சொன்னேன். "எனக்குப் பயமா இருக்கும்மா."

இங்கே ஒன்று சொல்லவேண்டும். போன வாரம் மருத்துவமனையில் கவுன்சிலர் என்னைத் தனியாகக் கூப்பிட்டு உட்காரவைத்தார். கொடுப்பவர் யாராக இருந்தாலும் தனியாகக் கேட்பார்களாம். "ஆபரேஷன் தியேட்டர் போற வரைக்கும் எப்ப வேணும்னாலும் நீங்க வேண்டாம்னு சொல்லலாம். உங்க வீட்டுல நாங்க ஏதாவது மெடிக்கல் காரணம் சொல்லிக்குவோம். நீங்க சொன்னீங்கன்னு யாருக்கும் தெரியாது." ரொம்பக் கனிவாகத்தான் சொன்னார். அன்றிலிருந்து எனக்குத் தூக்கம் போய்விட்டது. கதவே இல்லாத ரூமில் இருந்தவரைக்கும் நிம்மதியாக இருந்தேன், கதவைக் காட்டியபிறகு கண் அங்கேயே போகிறது. வீட்டுக்காரர் சம்மதக் கையெழுத்துப் போட்டார், அதற்கப்புறம் அதைப் பற்றிப் பேசுவதில்லை. பெண் பத்தாவது படிக்கிறாள். ஆபீசில், தெருவில், உறவில் எல்லோரும் "நீ தெய்வம்", "உனக்கு எவ்வளவு தைரியம்" என்கிறார்கள். அந்த தைரியம் எங்கே இருக்கிறது என்று நானும் தேடிப்பார்த்துவிட்டேன்.

தம்பி மனைவி கொஞ்ச நேரம் ஒன்றும் பேசவில்லை. காற்றில் பறந்த துப்பட்டாவை இழுத்துக் கட்டிக்கொண்டாள். "தெரியும் அண்ணி. அந்த ரூம்லேர்ந்து வெளிய வந்தப்பவே உங்க முகத்துல தெரிஞ்சது" என்றாள். அப்புறம், "தாவீது கோலியாத் கதை தெரியும்ல?" என்றாள்.

தெரியும், கவண்கல், ராட்சசன், நெற்றி. கான்வென்டில் படித்தவர்கள் எல்லோருக்கும் தெரியும்.

"கல்லு எறிஞ்சது கடைசிலதான். தாவீது அங்க சண்டைக்கே போகலை. அண்ணன்மாருக்கு வறுத்த பயறும் பத்து அப்பமும் அப்பா குடுத்தனுப்பினாரு, அதக் குடுக்கத்தான் போனான். நாப்பது நாளா காலைலயும் சாயங்காலமும் கோலியாத் வந்து நின்னு கத்திட்டு இருக்கான், ஒருத்தரும் போகலை. இவன் போறேன்னதும் ராஜா சவுல் தன்னோட கவசத்த எடுத்து மாட்டிவிட்டாரு. தலைல வெண்கலச் சீரா, இடுப்புல பட்டயம், வாள்தான். இவன் நடந்து பாத்தான். நடக்கவே முடியலை. இதெல்லாம் எனக்குப் பழக்கமில்லைன்னு கழட்டி வெச்சுட்டான். ஓடையில அஞ்சு கூழாங்கல்லு பொறுக்கிட்டுப் போனான், ஆடு மேய்க்கிறப்போ எப்படிப் போவானோ அப்படி."

நான் சும்மா இருந்தேன்.

"எல்லாரும் உங்களுக்கு ராஜா கவசம் மாட்டிவிடுறாங்க அண்ணி. எனக்குப் பாக்கவே கஷ்டமா இருக்கு. கழட்டிருங்க. நீங்க வேண்டாம்னு சொன்னாலும் நான் உங்களுக்காக ஜெபம் பண்ணுவேன்."

அவள் இடத்தில் நான் இருந்திருந்தால் அந்தக் கடைசி வரியைச் சொல்லியிருக்கமாட்டேன். சத்தியமாகச் சொல்லியிருக்கமாட்டேன். குகையிலிருந்து தம்பி குனிந்தபடி வெளியே வந்து, முதுகை நிமிர்த்தி, "இருபத்தெட்டு மில்லி இருக்கும்" என்றான். தீர்த்தத்தைச் சொல்கிறான்.

ஐந்து மணிக்கு இறங்க ஆரம்பித்தோம். மூன்றாவது வளைவு தாண்டியதும் பனி மூட்டம் வந்து மூடிவிட்டது. மூடியது என்றால் பானட்டே தெரியவில்லை. டிரைவர் அண்ணன் கண்ணாடிகளை இறக்கி, பாட்டை நிறுத்தி, தலையை வெளியே நீட்டிக்கொண்டு ரோட்டோர வெள்ளைக் கோட்டைப் பார்த்துப் பார்த்து உருட்டினார். "முன்னாடி பாக்காதீங்கம்மா, உங்களுக்குத்தான் பயம் வரும். முன்னாடி ஒண்ணும் இல்லை." அவர் சொன்னது ஆறுதலா எச்சரிக்கையா என்று இப்போதும் புரியவில்லை. ஏறிவந்த பஸ் ஒன்று எங்கள் பக்கத்தில் நின்று, அதன் டிரைவர், "பின்னாடி இன்னும் ரெண்டு வருது, ஓரமா நில்லுங்க, அவசரப்படாதீங்க" என்று சொல்லிவிட்டுப் போனார். பன்னிரண்டாம் வளைவில் முக்கால் மணி நேரம் நின்றோம். பின்சீட்டில் ஒரு பக்கம் அம்மா "ஆத்தா, மாரியாத்தா", மறுபக்கம் தம்பி மனைவி முணுமுணுவென்று பைபிள் சங்கீதம். நடுவில் மாட்டிக்கொண்ட தம்பி, "ஒருத்தர் முடிச்சதும் ஒருத்தர் சொல்லுங்க, மேல கன்ஃப்யூஸ் ஆயிடும்" என்றான். சொல்லி முடிக்கும்போது அவனுக்கு மூச்சு வாங்கியது. அதை நால்வரும் கவனித்தோம், யாரும் சொல்லவில்லை.

ஆகஸ்ட் 5, செவ்வாய்: சேலம்

காலை ஏழு மணிக்கு இடம் என்று சொல்லியிருந்தார்கள். ஆறே முக்காலுக்கே போய்விட்டோம். எச்.ஐ.வி., மஞ்சள் காமாலை பரிசோதனை ரிப்போர்ட் கேட்டார்கள், கொடுத்தேன். தேதியைப் பார்த்த ரிசப்ஷன் பெண், "இது முப்பது நாளுக்கு மேல ஆச்சுங்க" என்றார். நாற்பது நாள் ஆகியிருந்தது. போனில் கேட்டபோது ரிப்போர்ட் வேண்டும் என்றார்களே தவிர நாள் கணக்கைச் சொல்லவில்லை. விதி நியாயமானதுதான், ஒருவர் ரத்தம் ஓடுகிற மெஷினில் இன்னொருவரைப் போடுகிறார்கள், கேட்கத்தான் வேண்டும். திரும்ப டெஸ்ட், 1,400 ரூபாய், ரிசல்ட் வர இரண்டரை மணி நேரம். அதற்குள் எங்கள் மெஷினில் வேறொருவரைப் போட்டுவிட்டார்கள். அடுத்தது சாயங்காலம் நாலு மணிக்குத்தான் என்று அந்தப் பெண் பணிவாகச் சொன்னார். நான் கத்தியபோதும் அதே பணிவோடு அதையே சொன்னார். உடம்பில் தண்ணீர் சேர்ந்து கூடியிருந்தது எத்தனை கிலோ என்று எழுதக் கூடாது என்பது தம்பியின் உத்தரவு. நாற்காலியில் சாயமுடியாமல் நிமிர்ந்து உட்கார்ந்து, வார்த்தைக்கு வார்த்தை நிறுத்திப் பேசினான்.

பக்கத்து நாற்காலியில் வேட்டி கட்டிய ஒருவர். ஆத்தூர்ப் பக்கம், தறி ஓட்டுகிறவர், ஐம்பது வயது இருக்கும். எட்டு வருஷமாக டயாலிசிஸ். வாரம் மூன்று நாள் தனியாகவே பஸ் பிடித்து வந்து போகிறார். கையில் ஒரு மஞ்சப்பை, அதற்குள் போர்வையும் பிஸ்கட் பாக்கெட்டும். அவருக்கு பதினொரு மணி ஷிஃப்ட். எங்களையே பார்த்துக்கொண்டிருந்துவிட்டு எழுந்துபோய் டெக்னீஷியனிடம் சொன்னார்: "என் மெஷின்ல இவரப் போட்டுருங்க. எனக்கு ஒன்றரைக் கிலோதான் ஏறியிருக்கு. நான் நாலு மணிக்குப் பண்ணிக்கறேன்."

அன்றைக்கு அவருக்கு ராத்திரி ஒன்பது மணிக்குமேல்தான் பஸ். நான் என்ன சொல்வதென்று தெரியாமல் பர்சைத் திறந்துவிட்டேன். அவர் முகம் மாறிவிட்டது. "அதெல்லாம் உள்ள வைங்கம்மா."

ஊசி போடும்போது அவரும் கட்டிலருகே வந்து நின்றார். தம்பியின் இடது கையில் ஃபிஸ்டுலா இருக்கிறது, சிரையையும் தமனியையும் சேர்த்துத் தைத்த இடம். அதன்மேல் விரல் வைத்தால் உடுக்கைத் தோலைத் தொட்ட மாதிரி விர்ரென்று அதிரும். ஆத்தூர்க்காரர் அனுமதி கேட்காமல் அதில் இரண்டு விரலை வைத்துப் பார்த்து, "நல்லா ஓடுது" என்று சான்றிதழ் கொடுத்தார். பிறகு தம்பியின் வலது கையைப் பிடித்து மெஷினில் வைத்தார். "தொட்டுக் கும்பிட்டுக்க தம்பி. எட்டு வருசமா என்னைக் கைவிடலை." ஆயுதபூஜையைத் தவிர வேறு நாளில் மெஷினைக் கும்பிடாத தம்பி கண்ணை மூடிக் கும்பிட்டான்.

வெளியே வந்ததும் அவரிடம் கேட்டேன், உங்களுக்குப் பயமாக இருக்காதா அண்ணா என்று. யோசித்தார். "கரண்ட் போனா இருக்கும். ஜெனரேட்டர் போட்டுருவாங்க" என்றார்.

நான்கு மணி நேரம் கையில் இருந்தது. தம்பி மனைவியை அங்கே வைத்துவிட்டு அம்மாவும் நானும் செவ்வாய்ப்பேட்டைக்கு ஆட்டோ, 120 ரூபாய். செவ்வாய்க்கிழமையில் செவ்வாய்ப்பேட்டை. ஊரெல்லாம் வேப்பிலைத் தோரணம், மஞ்சள் சேலை, பம்பைச் சத்தம். சேலத்தில் ஆடியில் எல்லாப் பேட்டை மாரியம்மனுக்கும் ஒன்றாகத்தான் திருவிழா. அத்தனைக்கும் தலைவி கோட்டை மாரியம்மன்.

வெள்ளியில் உரு வாங்கவேண்டும் என்றாள் அம்மா. கண் சரியானால் கண்மலர், கால் சரியானால் கால், குழந்தை பிறந்தால் தொட்டில், எல்லாம் அட்டையில் குத்தித் தொங்குகிறது. கிட்னி இல்லை. முதல் கடையில் வயிறு எடுத்துக்கொள்ளச் சொன்னார்கள். இரண்டாவது கடையில், "முழு ஆள் உருவமா வாங்கிட்டா எல்லாம் அதுக்குள்ள அடங்கிரும்ல?" என்றார்கள். தர்க்கம் சரிதான், ஆனால் அம்மா ஒத்துக்கொள்ளவில்லை. ஆத்தாளுக்குக் குழப்பம் வரக் கூடாதாம். கடைசியில் ஒரு சந்துக்குள் கொலுசுப் பட்டறைக்கு வழிகாட்டினார்கள்.

சின்ன ரூம். தரை முழுக்கப் பொடி. ஐந்தாறு பேர் கொலுசுக்குச் சலங்கை கோத்துக்கொண்டிருந்தார்கள். ஆசாரி கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிக்கொண்டு, "கிட்னி எப்படிங்க இருக்கும்?" என்றார். பையிலிருந்து பில்லை எடுத்து அதன் பின்பக்கம் வரைந்தேன். இரண்டு மாதமாக ஸ்கேன் படத்தையே பார்த்துக்கொண்டிருக்கிறேன், கண்ணை மூடிக்கொண்டும் வரைவேன். அவர் வாங்கிப் பார்த்தார், திருப்பிப் பார்த்தார். "அட, இது மாங்கா டிசைனுங்க. நாங்க தினம் கொலுசுல போடறதுதான். மூக்க மட்டும் எடுத்துரணும்." மெல்லிசான வெள்ளித் தகட்டை மாங்காய் அச்சின்மேல் வைத்து ஒரு தட்டு. பிறகு கத்திரியால் மாங்காயின் மூக்கை வளைவாக நறுக்கினார். நறுக்கிய துணுக்கு தரையில் விழுந்ததும் ஒரு பையன் அதைத் தொட்டு எடுத்து டப்பாவில் போட்டான், இங்கே எதுவும் வீணாகாது. அரத்தால் ஓரம் தேய்த்து, உள்பக்கம் ஒரு குழிவு கொடுத்து என் உள்ளங்கையில் வைத்தார். ஒரு அவரைக்கொட்டையைவிடக் கொஞ்சம் பெரிசு. இன்னும் சூடாக இருந்தது.

"ஜோடியாங்க?" என்றார்.

"ஒத்தை போதும்" என்றாள் அம்மா. மூன்று கிராம், 380 ரூபாய். சாமிக்கு என்றால் கூலி வேண்டாம் என்றுவிட்டார். தம்பிக்கு வைக்கப்போவது ஒன்றுதானே, அதனால்தான் ஒற்றை என்று நினைத்துக்கொண்டேன்.

வழியில் வண்டியில் மல்கோவா, சீசனின் கடைசி. நான் பார்க்காத மாதிரி நடந்தேன். மாம்பழம் அவனுக்கு ஆகாது, அவன் விட்டபிறகு நானும் வாங்குவதில்லை.

ஆகஸ்ட் 6, புதன்: கோட்டை மாரியம்மன்

விடிகாலை நாலு மணி. தம்பியைக் கூட்டத்துக்குள் விடக் கூடாது என்று டாக்டர் சொல்லியிருந்ததால் அவனும் மனைவியும் லாட்ஜிலேயே. நேற்று தண்ணீரெல்லாம் எடுத்த பிறகு மல்லாந்து படுத்து நன்றாகத் தூங்கினான்.

நாங்கள் போகும்போதே வரிசை வளைந்து வளைந்து கிடந்தது. ரோட்டோரம் பொங்கல் பானைகள், புகை, ஈர விறகு. வரிசையில் பின்னால் நின்ற பெண் அறிமுகமே இல்லாமல் தன் குழந்தையை என்னிடம் கொடுத்துவிட்டுத் தலைமுடியை முடிந்துகொண்டு வாங்கிக்கொண்டார். இங்கே எல்லோரும் அப்படித்தான் இருக்கிறார்கள்.

அம்மா உருளுதண்டம் போடப்போகிறாள் என்பதை அங்கே போய்த்தான் சொன்னாள். அறுபத்து நாலு வயது, சர்க்கரை, இடது முழங்கால் தேய்மானம். நான் சண்டை போட்டேன். அவள் பாட்டுக்குச் சேலையை இழுத்துச் செருகி, இடுப்பில் துண்டைக் கட்டிக்கொண்டு, தலையில் மஞ்சள் தண்ணீரை ஊற்றிக்கொண்டு படுத்துவிட்டாள்.

உருளுகிறவர்கள் தாங்களாக நேராகப் போகமுடியாது, யாராவது பக்கத்தில் குனிந்து தள்ளித் திருப்பிவிட வேண்டும். எனக்குத் தெரியவில்லை, அம்மா சுவர்ப்பக்கமாகவே போனாள். யாரோ ஒரு கல்லூரிப் பெண் வந்து, "தள்ளுங்கக்கா, நான் காட்டறேன்" என்று ஒரு கையைத் தோளுக்கும் ஒரு கையை இடுப்புக்கும் கொடுத்துத் திருப்பினாள். நானும் கற்றுக்கொண்டேன். தரை ஈரம், சகதி, வேப்பிலை. ஒவ்வொரு தடவை மேலே திரும்பும்போதும் அம்மாவின் முகத்தில் புதிதாக ஒரு இலை ஒட்டியிருக்கும், நான் எடுப்பேன், கீழே போய் வேறொன்றோடு வருவாள். முழங்கையில் சிராய்ப்பு. மூச்சுக்கு நடுவே எதையோ சொல்லிக்கொண்டே வந்தாள். பம்பைச் சத்தத்தில் முதலில் கேட்கவில்லை. காதைக் கிட்டத்தில் கொண்டுபோனபோதுதான் தெரிந்தது, தம்பி பெயர் இல்லை. என் பெயர்.

சுற்று முடிந்து எழுந்தவளால் நிற்க முடியவில்லை. அந்தக் கல்லூரிப் பெண் சோடா வாங்கிக்கொடுத்துவிட்டு, பணம் கொடுப்பதற்குள் கூட்டத்தில் போய்விட்டாள். உண்டியல் முன்னால் வந்ததும் அம்மா முந்தானை முடிச்சை அவிழ்த்து அந்த வெள்ளியை எடுத்தாள்.

"தம்பிக்குத்தானே?" என்றேன்.

"அவனுக்கு ஊரே வேண்டிக்குது. சர்ச்சுல வேற வேண்டிக்கறாங்க. உனக்கு யாருடி வேண்டிக்கறா?" ஈரத்தில் பல் தந்தியடித்தது. "எடுக்கறத டாக்டரு பாத்துக்குவாரு. இது உன்கிட்ட மிஞ்சப்போற ஒத்தைக்கு. அத ஆத்தா பாத்துக்கட்டும்."

போட்டாள். இவ்வளவு சின்னது, விழுந்த சத்தம்கூடக் கேட்கவில்லை. பின்னால் இருந்தவர்கள் நகரச் சொன்னார்கள், நகர்ந்தோம்.

வெளியே வளையல் கடையில் அம்மா எனக்குக் கை கொள்ளாமல் பச்சையும் சிவப்புமாகக் கண்ணாடி வளையல் போட்டுவிட்டாள். டஜன் 60 ரூபாய், இரண்டு கைக்கும் 120. கடைக்காரப் பெண் எலும்பை அமுக்கி அமுக்கி ஏற்றியதில் ஒன்று உடைந்தது, காசு வாங்கவில்லை. நாளைக்குக் குகையில் வண்டி வேடிக்கை, ஜோடித்த வண்டிகளில் சாமி வேஷம் கட்டி வருவார்கள். தாத்தா தோளில் உட்கார்ந்து பார்த்ததாக அம்மா சொல்லிக்கொண்டே வந்தாள். இருக்கமுடியாது, நாளை வியாழன், அவனுக்குத் திருச்சியில் டயாலிசிஸ்.

லாட்ஜ் படியில் உட்கார்ந்து கவுன்சிலருக்குப் போன் போட்டேன். பத்தரை மணி இருக்கும். பெயரைச் சொன்னதும், "சொல்லுங்கம்மா" என்று குரலைத் தாழ்த்திக்கொண்டார். கதவைச் சாத்தும் சத்தம் கேட்டது. "எதுவா இருந்தாலும் சொல்லுங்க. உங்களுக்கும் எனக்கும் நடுவுலதான்."

"அட்மிட் ஆகும்போது கண்ணாடி வளையலக் கழட்டிரணுமா மேடம்?"

அந்தப் பக்கம் கொஞ்ச நேரம் பேச்சில்லை.

"கழட்டிரணும்மா" என்றார். "உடைச்சுடாதீங்க. சோப்பு போட்டா வந்துரும்."